பரம்பரையா?

இந்த செமஸ்டரில் ஆளுக்கொரு செமினார். எனக்கு விழுந்த தலைப்பு: மனச்சோர்வு, பதற்றம் மாதிரியான பரவலான மனநலக் கோளாறுகளுக்கு மரபணு எவ்வளவு காரணம், சூழல் எவ்வளவு காரணம். பதினைந்து நிமிடத்தில் பேசி முடித்தாகிவிட்டது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். சயின்ஸ் என்று பயந்து ஓடிவிடாதீர்கள் :)

எனக்கு இது வெறும் தலைப்பு இல்லை. என் அத்தைக்கு மனச்சோர்வு உண்டு. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) மாத்திரை சாப்பிடுகிறார். மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். தீபாவளிக்குத் துணி கொடுத்தால் பொங்கலுக்குத்தான் கிடைக்கும், அவ்வளவு கிராக்கி. அக்காவுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள்: "உங்க வீட்டுல ஒருத்தங்களுக்கு மனசு சரியில்லையாமே, பரம்பரையா?" அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வரன் நின்றுபோனது. அதற்கப்புறம் அத்தை விசேஷங்களுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வராதே என்று யாரும் சொல்லவில்லை. அவராகவே.

சரி, பரம்பரையா இல்லையா? இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பழைய வழி இரட்டையர்களைப் பார்ப்பது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுக்க ஒன்று. இரு கரு இரட்டையர் சாதாரண அண்ணன் தங்கை மாதிரி, சராசரியாகப் பாதிதான் ஒற்றுமை. இரண்டு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில் வளர்கிறார்கள். ஒருவருக்கு மனச்சோர்வு வந்தால் மற்றவருக்கும் வருவது முதல் வகையில் அதிகம் என்றால், அந்த வித்தியாசத்துக்கு மரபணு காரணம் என்று கணக்குப் போடுகிறார்கள். மேலை நாடுகளில் மனச்சோர்வுக்கு இந்தக் கணக்கு சுமார் 37 சதவீதம் வந்தது.

ஆனால் நம் பக்கத்து மனிதர்களை யாராவது பார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள், கொழும்பில். வாக்காளர் பட்டியலைப் புதுப்பிக்க வீடு வீடாகப் போனபோது, இரட்டையர் இருக்கிறார்களா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டார்கள். அப்படித் திரட்டிய பட்டியலிலிருந்து ஏறத்தாழ 4,000 இரட்டையர்களையும், ஒப்பிட்டுப் பார்க்க இரட்டையர் அல்லாத சுமார் 2,000 பேரையும் பேட்டி கண்டார்கள். இலங்கையின் அதுல சுமதிபாலவும் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மேத்யூ ஹோடாஃபும் இதில் முக்கியமானவர்கள்.

மனச்சோர்வு பற்றிய முடிவு 2009இல் வந்தது. பெண்களில் மரபின் பங்கு 61 சதவீதம். ஆண்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லை! ஒரே மாவட்டம், ஒரே கேள்வித்தாள். (நம் ஊர் ஆண்கள் கேட்டால் உண்மையைச் சொல்வார்களா என்பது தனிச் சந்தேகம்.)

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த 61 என்பது ஒரு ஆளைப் பற்றிய எண்ணே இல்லை. அத்தையின் வருத்தத்தில் 61 சதவீதம் தாத்தா கொடுத்தது, மீதி மாமியார் கொடுத்தது என்று பிரிக்க முடியாது.

பாகூர் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். பல ரக விதைகளைக் கலந்து, ஒரே மாதிரி தண்ணீரும் உரமும் கொடுத்த வயலில் விதைத்தால், பயிருக்குப் பயிர் உயர வித்தியாசம் விதையால் வந்தது. ஒரே ரக விதையை மேடும் பள்ளமுமான வயலில் விதைத்தால், வித்தியாசம் நிலத்தால் வந்தது. இரண்டாவது வயலில் விதைக்கு வேலையே இல்லை என்று அர்த்தமா? விதை இல்லாமல் பயிர் ஏது! மரபின் பங்கு என்று சொல்லும் சதவீதம், ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றியது. கூட்டம் மாறினால், வாழ்க்கை மாறினால், எண்ணும் மாறும்.

"அந்த ஒரு ஜீனை" கண்டுபிடித்துவிட்டோம் என்ற உற்சாகமும் ஒரு காலத்தில் இருந்தது. செரோட்டோனின் சம்பந்தப்பட்ட மரபணு ஒன்றின் ஒரு வகை இருந்து, வாழ்க்கையில் அடி மேல் அடியும் விழுந்தால் மனச்சோர்வு வரும் என்று நியூசிலாந்து ஆய்வு ஒன்று 2003இல் சொன்னது. பாடப்புத்தகங்களில் எல்லாம் ஏறியது. 2019இல் லட்சக்கணக்கானவர்களின் தகவலை வைத்து, இப்படிப் பேர் வாங்கிய 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். எதுவும் தேறவில்லை. 2025இல் வந்த ஆய்வில் 29 நாடுகள், மனச்சோர்வு உள்ள 6,88,808 பேர். கிடைத்தது 697 மரபணு மாற்றங்கள். ஒவ்வொன்றும் கடுகளவு பாதிப்பு. அவை எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன, வரன் கேட்டு வந்தவர்களிடமும் சேர்த்து. அதிலும் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஐரோப்பிய வம்சாவளி. நம்மைப் பற்றிய கணக்கு இன்னும் சரியாக எழுதப்படவே இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2015இல் நாட்டிலேயே தற்கொலை விகிதம் அதிகமாக இருந்தது புதுச்சேரியில்தான். லட்சம் பேருக்கு 43.2, இந்தியச் சராசரி 10.6. 2022இல் நம் எண் 29.7 ஆகக் குறைந்தது. இப்போதும் அதிகம்தான். தற்கொலையும் மனச்சோர்வும் ஒன்றல்ல என்பதும் தெரியும். ஆனால் ஏழு வருடத்தில் ஒரு ஊரின் மரபணு மாறாது. மாறியது வேறு ஏதோ. கடனா, குடியா, மருத்துவமா, பதிவு செய்யும் முறையா, தேடிப் பார்க்க வேண்டும். மாறக்கூடியது இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

ஆக, பரம்பரையா என்று கேட்டால் நேர்மையான பதில்: ஆமாம், கொஞ்சம். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால், வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. சர்க்கரை வியாதியும் குடும்பத்தில் ஓடுகிறது. அதற்காக யாரும் அத்தையைக் கல்யாணத்துக்கு வராமல் இருக்கச் செய்வதில்லை. லட்டைத்தான் தள்ளி வைக்கிறோம்.

சூழல் என்றால் காற்று, தண்ணீர் மட்டும் இல்லை என்பதையும் இதை எழுதும்போதுதான் யோசித்தேன். "பரம்பரையா?" என்று கேட்கும் தொனியும், அதைக் கேட்ட ஒருவர் விசேஷ வீடுகளைத் தவிர்த்துவிட்டுத் தனியே உட்காருவதும்கூடச் சூழல்தான். விதையை நம்மால் மாற்ற முடியாது. இதை முடியும்.

படிப்பவர்களில் யாருக்காவது மனசு ரொம்பக் கனமாக இருந்தால் 14416க்கு போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒருவருக்கு இருந்தால், அடுத்த விசேஷத்துக்கு நேரில் போய்க் கூப்பிடுங்கள். பத்திரிகை அனுப்பினால் மட்டும் போதாது.