எழுதாத பக்கங்கள்

2017ஆம் ஆண்டு நான் படிவம் ஒன்றில் சேர்ந்தேன். அந்தப் புத்தாண்டுக்கு அப்பா எனக்கு ஒரு தடித்த நாட்குறிப்பேட்டை வாங்கித் தந்தார். “நாளுக்கு ஒரு பக்கம் எழுது. தமிழும் வளரும், நினைவும் நிற்கும்” என்றார். ஜனவரி மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதினேன். அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. புரட்டிப் பார்த்தால் ஜனவரியில் 31 பக்கங்களும் நிறைந்திருக்கின்றன. மார்ச்சில் பாதிப் பக்கங்கள் வெறுமை. ஜூனில் இரண்டே பக்கங்கள். நவம்பரில் ஒன்றுகூட இல்லை.

எழுதாமல் போனதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. எங்கள் வீடும் ஒரு காரணம். நாங்கள் பினாங்குத் தீவின் மலைகளுக்கு மேற்கே, பாலிக் புலாவில் வாழ்கிறோம். அந்தப் பெயருக்கே ‘தீவின் பின்புறம்’ என்றுதான் பொருள். ஜோர்ஜ்டவுனில் இருக்கும் உறவினர்கள் எங்கள் ஊரை அமைதியான ஊர் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஒரு நாள் குரங்கு ஒன்று சமையலறைச் சன்னல் வழியாகப் புகுந்து ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அண்ணன் துடைப்பத்தோடு துரத்தினான். துரத்தியவன் கால் இடறிக் கால்வாயில் விழுந்தான். இன்னொரு நாள் கோழிக்கூண்டில் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து பிடித்துச் செல்லும் வரை யாரும் உண்ணவுமில்லை, உறங்கவுமில்லை. ஜாதிக்காய் பறித்துவிட்டால் வீடே வேலையில் இறங்கிவிடும். பழத்தின் சதையைச் சீவி உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைப்போம். கொட்டையைப் போர்த்தியிருக்கும் சிவந்த ஜாதிபத்திரியைக் கிழியாமல் உரித்துக் காயவைப்பது என் வேலை.

டுரியான் பருவம் வந்தால் இரவிலும் ஓய்வில்லை. முற்றிய பழம் தானாகவே விழும். இருட்டில் ‘தொப்’பென்று ஓசை கேட்டதும், பாட்டி படுத்தபடியே, “அது கிணற்றோரத்து மரம்” என்பார். காலையில் போய்ப் பார்த்தால் பழம் அங்கேதான் கிடக்கும்.

இவற்றில் எதுவும் என் நாட்குறிப்பில் இல்லை. ஒவ்வொரு முறையும் களைத்துப் போய், “நாளைக்கு விரிவாக எழுதலாம்” என்று படுத்துவிட்டேன். அப்படியானால் ஜனவரியில் என்னதான் எழுதினேன்? “காலையில் எழுந்தேன். பள்ளிக்குச் சென்றேன். வீட்டுப்பாடம் செய்தேன்.” ஒன்றும் நடக்காத நாள்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எழுத வேண்டிய நாள்களில் பேனாவைத் தொடவே இல்லை.

அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், சனிக்கிழமை. பினாங்கைப் பெருமழையும் புயற்காற்றும் தாக்கின. மாநிலத்தின் பல இடங்களை வெள்ளம் சூழ்ந்தது; மரங்கள் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டில் மின்சாரம் தடைப்பட்டது. முன்கூடத்தில் தண்ணீர் ஏறியது. அப்பாவும் அண்ணனும் பொருள்களை மேலே தூக்கி வைத்துவிட்டு, வாசலில் அடைத்துக்கொண்ட கால்வாயைத் திறந்துவிடப் போராடிக்கொண்டிருந்தார்கள். அம்மா கைக்குழந்தையாக இருந்த தம்பியை உறங்கவைத்து, தாமும் கண்ணயர்ந்துவிட்டார். நான் பயத்தில் பாட்டியின் கட்டிலில் ஏறி அமர்ந்துகொண்டேன்.

“இந்த மழைக்கா பயப்படுகிறாய், கண்ணு? என் அப்பா கடலையே தாண்டி வந்தவர்” என்று பாட்டி பேசத் தொடங்கினார். அவருடைய தந்தை நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கிய கதையைச் சொன்னார். கப்பலில் உண்ட உணவு, கூட வந்தவர்கள், விட்டு வந்த ஊர், அந்த ஊர்க் குளம் என ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊரின் பெயரையும் சொன்னார். மெழுகுவத்தி கரைந்து அணையும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். “நாளைக்கு மறக்காமல் எழுதிவிட வேண்டும்” என்று நினைத்தேன். மறுநாள் வீடெல்லாம் சேறு. அதற்கு மறுநாளும் சேறுதான்.

ஐந்தாண்டுகளுக்குப் பிறகு பாட்டிக்கு மறதி நோய் வந்தது. ஒரு மாலை அப்பா, “அம்மா, தாத்தாவின் சொந்த ஊர் எது?” என்று கேட்டார். பாட்டி சிரித்தார், பதில் சொல்லவில்லை. பாட்டியின் தந்தை ஊரை அதுவரை வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். ஓடிப் போய்க் குறிப்பேட்டைத் திறந்தேன். நவம்பர் வெள்ளையாக இருந்தது. ஊர்ப்பெயர் ‘குறிச்சி’ என்று முடியும் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அப்படி முடியும் ஊர்கள் எத்தனையோ உள்ளன.

அன்று நான் அழுததைக் கண்ட அம்மா, அலமாரியின் மேலிருந்து சுருட்டி வைத்திருந்த பழைய நாள்காட்டிகளை எடுத்து வந்தார். அவை சமையலறைச் சுவரில் தொங்கும் கட்டம் போட்ட மாத நாள்காட்டிகள். ஒவ்வொரு கட்டத்திலும் அம்மாவின் சிறிய கையெழுத்து. “எரிவாயு வந்தது.” “பாம்பு. கோழி இரண்டு போச்சு.” “முதல் டுரியான்.” நவம்பர் 4ஆம் கட்டத்தில், “பெருமழை. கரண்ட் இல்லை. அத்தை விடிய விடிய ஊர்க்கதை” என்று இருந்தது. ஊர்ப்பெயர் அதில் இல்லை. ஆயினும், எங்கள் வீட்டின் உண்மையான நாட்குறிப்பு எது என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அம்மா நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. நான்கு சொல் போதும் என்று நினைத்தார்.

பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிக் கூறியது நினைவுக்கு வந்தது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாகப் பணியாற்றிய அவருக்கு வேலை குறைவாகவா இருந்திருக்கும்? வணிகமும் போரும் அரசியலும் சூழ்ந்திருந்த காலத்திலும், 1736இல் தொடங்கி 1761 வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததையும் எழுதினார்; தம் வீட்டு நிகழ்ச்சிகளையும் எழுதினார். அவர் குறிப்பிலும் விடுபட்ட நாள்கள் உண்டு. ஆனால், விடுபட்டுவிட்டதே என்று அவர் விட்டுவிடவில்லை, மீண்டும் எழுதினார். அதனால்தான் அக்காலப் புதுச்சேரியை இன்று நம்மால் அறிய முடிகிறது.

நானும் மீண்டும் தொடங்கியிருக்கிறேன். நாளுக்கு ஒரு பக்கம் என்ற கட்டாயம் இல்லை. மூன்று வரி போதும். பாட்டி இப்போது அதிகம் பேசுவதில்லை. ஆனால், நேற்றிரவு தோட்டத்தில் ‘தொப்’பென்று ஓசை கேட்டதும், கண்ணைத் திறக்காமலே, “கிணற்றோரம்” என்றார். நான் உடனே எழுந்து, விளக்கைப் போட்டு, அதை எழுதி வைத்தேன்.