கிரீன்ஸ்பரோவை விட்டுப் போன காரியாலயம்

மகாநாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்குப் பந்தலும் தோரணமும் தலைவர் ஊர்வலமும் நினைவுக்கு வரும். மூன்று நாள் பிரசங்கங்கள் நடக்கும், தீர்மானங்கள் நிறைவேறும், பிறகு பந்தலைப் பிரித்துவிட்டு எல்லோரும் ஊர் திரும்புவார்கள். அமெரிக்கக் கலாசாலைகளின் விளையாட்டுக் 'கான்பரன்ஸ்' இப்படிப்பட்டதல்ல. சில சர்வகலாசாலைகள் ஒன்றுகூடி, தங்களுக்குள் பந்தயங்கள் நடத்தவும், விதிகளைக் காக்கவும், வருகிற பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளவும் ஏற்படுத்திக்கொண்ட நிரந்தரமான சங்கம் அது. அதற்கு வருஷம் முழுவதும் காரியாலயம் உண்டு, சிப்பந்திகள் உண்டு, கமிஷனர் என்று ஓர் அதிகாரியும் உண்டு.

இத்தகைய சங்கங்களில் பெயர் பெற்ற ஒன்று அட்லாண்டிக் கரைச் சங்கம். வட கரோலினா ராஜ்யத்தில் கிரீன்ஸ்பரோ என்னும் நகரத்தில் ஏறக்குறைய 70 வருஷம் குடியிருந்த அந்தச் சங்கம், 2023-ம் வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு, சுமார் 90 மைலுக்கு அப்பாலுள்ள சார்லட் என்னும் பெரிய நகரத்துக்குப் போய்விட்டது. ஒரு காரியாலயம் ஊர் மாறுவதில் பிரமாதமாக என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். அந்த இரண்டு ஊர்களையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம், வாருங்கள்.

கிரீன்ஸ்பரோவுக்குப் பெயர் தந்தவர் நத்தானியல் கிரீன் என்ற படைத் தலைவர். 1781 மார்ச் 15-ம் தேதி கில்போர்டு கோர்ட்ஹவுஸ் என்ற இடத்தில் அமெரிக்க சுதந்திரப் படைக்குத் தலைமை வகித்து ஆங்கிலேயரோடு போர் புரிந்தவர். அந்தப் போர்க்களம் இப்போது நகரத்துக்குள்ளேயே தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகிறது. அன்று எதிர்ப்பக்கத்தில் நின்ற தளபதி நமக்கும் தெரிந்தவர்தாம். அவர் காரன்வாலிஸ் பிரபு. களத்தில் வெற்றி அவருக்கே கிடைத்தது. ஆனால் அதற்காகத் தம் சேனையில் கால் பங்குக்கு மேல் பறிகொடுத்தார். ஏழே மாதத்தில் யார்க்டவுனில் சரணடைந்தார். அங்கே தோற்ற அதே மனிதர் 1786-ல் நம் தேசத்துக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் பறித்துக்கொண்டார். அவருடைய சிலையைச் சென்னைக் கோட்டைக் காட்சிசாலையில் இன்றும் காணலாம். ஆகையால் சேலத்துக்காரர்களும் திண்டுக்கல்காரர்களும் கிரீன்ஸ்பரோவை முற்றிலும் அந்நிய ஊராகக் கருத வேண்டியதில்லை.

சார்லட் நகரமோ இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பட்டத்தரசியினுடைய பெயரைத் தாங்கியது. 1780-ல் காரன்வாலிஸ் அங்கும் போய்த் தங்கினார். அவ்வூர் ஜனங்கள் கொடுத்த தொல்லையைத் தாங்காமல் அதைக் 'குளவிக் கூடு' என்று அவர் சொன்னதாக ஐதிகம். வைததையே விருதாக எடுத்துக்கொண்டு, இன்றைக்கும் அவ்வூர்க் கூடைப்பந்துக் குழுவினர் தங்களைக் குளவிகள் என்றே அழைத்துக்கொள்கிறார்கள்.

இனி நம் சங்கத்தின் கதைக்கு வருவோம். 1953 மே 8-ம் தேதி, கிரீன்ஸ்பரோவை அடுத்த செட்ஜ்பீல்டு விடுதியில் ஏழு கலாசாலைகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். கிளெம்சன், டியூக், மேரிலாந்து, வட கரோலினா, வட கரோலினா ஸ்டேட், தென் கரோலினா, வேக் பாரஸ்ட் என்பவை அந்த ஏழு. பருவத்தின் முடிவில் நடக்கும் விசேஷப் பந்தயங்களில் கலந்துகொள்ளக் கூடாது என்று பழைய சங்கம் போட்ட தடை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தனிக் குடித்தனம் வைத்தார்கள். கரோலினாக் கலாசாலைகளுக்கு நடுவாந்தரமாக இருந்த கிரீன்ஸ்பரோவிலேயே காரியாலயமும் அமைந்தது. 1959-ல் அவ்வூரில் பெரிய விளையாட்டு மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. சங்கத்தின் கூடைப்பந்துப் போட்டி பல வருஷங்கள் அங்கே நடந்தபடியால், 'பந்தயப் பட்டணம்' என்ற பட்டமும் ஊருக்குக் கிடைத்தது.

ஆனால் குடும்பம் பெருகினால் வீடு போதாமல் போகிறதல்லவா? ஏழாக இருந்த அங்கத்தினர் தொகை இன்று பதினெட்டு. தென் கரோலினா 1971-லும் மேரிலாந்து 2014-லும் விலகிப் போயின. தெற்கே புளோரிடாவிலிருந்தும் வடக்கே பாஸ்டனிலிருந்தும் புதியவர்கள் வந்தார்கள். 2024-ல் ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் சேர்ந்தன. இவை இரண்டும் பசிபிக் சமுத்திரத்தின் பக்கத்தில் இருப்பவை! பசிபிக் கரைக் கலாசாலைகள் அட்லாண்டிக் கரைச் சங்கத்தில் இருப்பது எப்படி என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன் பூகோள வகுப்பில் கேட்டால், உபாத்தியாயருக்குப் பதில் சொல்வது கஷ்டந்தான். டெலிவிஷன் கம்பெனிகள் கொடுக்கும் பணத்துக்குப் பூகோளம் தெரியாது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

2021-ல் புதிய கமிஷனர் பதவி ஏற்றதும், காரியாலயம் எங்கே இருக்கவேண்டும் என்ற ஆராய்ச்சி தொடங்கிற்று. ஜனத்தொகை வளர்கிற ஊரா, பெரிய விமான நிலையம் உண்டா, வியாபாரத் தொடர்புகளுக்கு ஏற்றதா, செலவு எவ்வளவு, சலுகை எவ்வளவு என்றெல்லாம் கணக்குப் பார்த்தார்கள். புளோரிடாவிலுள்ள ஆர்லாண்டோவும் போட்டியில் இருந்தது. வட கரோலினாச் சட்டசபை, ராஜ்யத்தைவிட்டுப் போகக் கூடாது என்ற நிபந்தனையுடன் 150 லட்சம் டாலர் ஒதுக்கிற்று. 2022 செப்டம்பரில் சார்லட் என்று முடிவாயிற்று. 2020-ம் வருஷத்துக் கணக்கின்படி சார்லட்டின் ஜனத்தொகை 8,74,579; கிரீன்ஸ்பரோவின் ஜனத்தொகை 2,99,035. சார்லட் பெரிய பாங்கிகளின் இருப்பிடம். தேசத்தின் நாலா பக்கத்துக்கும் அங்கிருந்து நேராக விமானம் ஏறலாம். சங்கம் இப்போது அங்கே ஒரு பாங்கியின் பெயர் கொண்ட உயர்ந்த கோபுரத்தில் குடியிருக்கிறது. கணக்கில் பிழை காண்பதற்கில்லை.

கிரீன்ஸ்பரோவுக்கு நஷ்டம் என்ன? சங்கத்துச் சிப்பந்திகளின் தொகை ஒரு பெரிய பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களின் தொகையைத் தாண்டாது. பந்தயங்கள் அடியோடு நின்றுவிடவுமில்லை. காரியாலயம் போன பிறகும் 2024-லும் 2025-லும் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி கிரீன்ஸ்பரோவிலேயே நடைபெற்றது. ஆனாலும் அவ்வூருக்கு இது முதல் இழப்பல்ல. 1905 முதல் முரட்டு நீலத் துணி நெய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய ஒயிட் ஓக் ஆலை 2017-ன் கடைசி நாளில் மூடப்பட்டது. ஆலை போனபின் சங்கமும் போயிற்று என்றால், கூலி குறைந்ததோடு ஊரின் பெயரும் குறைந்ததுபோல் தோன்றும். "நம் ஊரில் இன்னது இருக்கிறது" என்று சொல்லிக்கொள்ள ஒன்று குறைவது சிறு நகரத்தாருக்குச் சிறு விஷயமல்ல. பெருநகரத்துக்கு இந்தக் காரியாலயம் நூற்றில் ஒன்று. சிறு நகரத்துக்கு அது விலாசம்.

ஆனால் கிரீன்ஸ்பரோவின் மெய்யான விலாசம் வேறொன்று என்பது என் அபிப்பிராயம். 1960 பிப்ரவரி 1-ம் தேதி, அவ்வூர் வட கரோலினா விவசாயத் தொழில் கலாசாலையைச் சேர்ந்த நான்கு நீக்ரோ மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் சென்று, வெள்ளையருக்கென்றே இருந்த சிற்றுண்டி மேஜை முன் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்க மறுத்தார்கள்; மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. மறு நாளும் வந்தார்கள். கூட்டம் நாளுக்கு நாள் பெருகிற்று. அந்த வாரத்திலேயே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். தென்பகுதி நகரங்களிலெல்லாம் அது பரவிற்று. ஜூலை 25-ம் தேதி அந்த மேஜை எல்லோருக்கும் திறந்தது. நால்வரில் ஒருவர், காந்தியடிகளைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்து ஊக்கம் பெற்றதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம்முடைய சத்தியாக்கிரகம் கடல் கடந்து ஒரு சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்த கதை இது.

அப்போது அதே ஊரிலிருந்து நிர்வாகம் செய்த விளையாட்டுச் சங்கத்தில் கறுப்பு இளைஞன் ஒருவன்கூடக் கால்பந்து ஆடியதில்லை. 1963-ல்தான் மேரிலாந்தின் சார்பில் டாரல் ஹில் என்பவர் முதன்முதலாகக் களத்தில் இறங்கினார். காரியாலயத்தைவிடக் காப்பிக் கடை மூன்று வருஷம் முந்திக்கொண்டது.

அந்தக் கடை 1993-ல் மூடப்பட்டு, 2010 முதல் பிரஜா உரிமைக் காட்சிசாலையாக விளங்குகிறது. மேஜையின் ஒரு பகுதி வாஷிங்டன் நகரத்துத் தேசியக் காட்சிசாலைக்குப் போய்விட்டது. மற்றதோ அந்த மாணவர்கள் அமர்ந்திருந்த இடத்திலேயே இருக்கிறது. இதை எந்தப் பாங்கிக் கோபுரத்துக்கும் குடி மாற்ற முடியாது.

நம்மவர் குடும்பங்கள் பல இன்று சார்லட்டில் வசிக்கின்றன. பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க அங்கே செல்லும் நேயர்கள், ஒரு நாள் 85-ம் நம்பர் சாலையில் வடகிழக்காகப் புறப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கிரீன்ஸ்பரோவை அடையலாம். காலையில் காரன்வாலிஸ் வென்று தோற்ற களத்தைப் பாருங்கள். மத்தியானம் அந்தக் கடைக்குள் சென்று, காலியாக நிற்கும் நாற்காலிகளின் முன் சற்று நேரம் நில்லுங்கள். பேரன் பேத்திகளையும் மறவாமல் அழைத்துச் செல்லுங்கள்.