ஒரே சபையின் இரண்டு சட்டங்கள்

அரசாங்க சபை என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ரி. பி. ஜாயா. ஸாஹிறாக் கல்லூரி அதிபராக இருந்துகொண்டே நியமன உறுப்பினராக அங்கு அமர்ந்தவர். 1945இல் சுதந்திர இலங்கை மசோதா வந்தபோது, முஸ்லிம்களின் கோரிக்கைகளை விடுதலைக்கு நிபந்தனையாக்காமல் அதை ஆதரித்துப் பேசினார். மேடைதோறும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பெருமை நியாயமானதே. ஆனால் அந்தச் சபை நமக்கு விட்டுப்போனது அந்த உரை மட்டுமல்ல.

1931இல் சர்வசன வாக்குரிமையோடு பிறந்த சபை அது. கன்னங்கராவின் விடாமுயற்சியால் 1945 ஒக்ரோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஜெயபுரத்தில் கூலிவேலை செய்பவரின் மகள் இன்று சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள் என்றால், அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு வருடங்கள் கழியவில்லை. 1947இல் அரச எழுதுவினைஞர்களும் தொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜூன் 5இல் கொழும்பில் பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். அதே மாதம் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தைச் சபை அவசரமாக நிறைவேற்றியது. ஜூலையில் சபை கலைக்கப்பட்டது. சட்டம் தங்கிவிட்டது.

1958, 1971 என்று வந்த அவசரகால நிலை, 1983 முதல் 2011 வரை இடைவெளிகளோடு நீடித்தது. எங்கள் மாணவரின் பெற்றோர் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடையிருந்த வன்னியில், ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர்கள். பாடசாலைக்குக் கட்டணம் இல்லை. படிக்க வெளிச்சம் இல்லை.

2018இல் கண்டி மாவட்டத்தில் நம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வன்முறையை அடக்கவென்று இதே சட்டத்தை எடுத்தார்கள். அடுத்த வருடம் இதே சட்டத்தின் கீழ் நம் பெண்களின் முகத்திரையைத் தடைசெய்தார்கள். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம்.

பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை எங்கட ஆக்கள் ஏன் இன்னும் வச்சிருக்கினம்?”

“வெள்ளைக்காரன் மட்டும் போடேல்லை பிள்ளை. எங்கட ஆக்கள் வாக்குப் போட்டு அனுப்பின உறுப்பினர்மார் இருந்த சபைதான் நிறைவேற்றினது.”

வகுப்பு அமைதியாகிவிட்டது. கரும்பலகையில் இலவசக் கல்விக்குப் பக்கத்திலேயே மற்றச் சட்டத்தின் பெயரையும் எழுதினேன். இப்போது ஒவ்வொரு வருடமும் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.