ஓசி பஃபே

லாஸ் வேகஸில் நான் தங்கிய அறைக்கு வாடகை கிடையாது. இரண்டு வேளை பஃபேவுக்கும் காசு கிடையாது. பொறாமைப்படாதீர்கள், முழுதும் கேளுங்கள்.

2006ல் நடந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் கல்லூரி நண்பன், மனைவியோடு என்னையும் ஏற்றிக்கொண்டு பாலைவனத்தில் ஐந்து மணி நேரம் காரோட்டினான். சூதாட்ட விடுதியின் வரவேற்பில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நீட்டினான். அங்கிருந்த பெண் பெயர் சொல்லி வரவேற்று இரண்டு அறைகளுக்குச் சாவி கொடுத்தாள். சம்பந்தி வீட்டுக்காரர் போல எனக்கே கொஞ்சம் மிதப்பாகிவிட்டது.

''எல்லாம் காம்ப்புடா'' என்றான்.

காம்ப் என்பது காம்ப்ளிமென்டரியின் செல்லப் பெயர். அட்டையைச் சுருள் கயிற்றில் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு, மெஷினில் செருகி ஆட வேண்டும். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டின மாதிரி இருக்கும். நீங்கள் ஜெயித்தீர்களா, தோற்றீர்களா என்று அட்டை கவலைப்படாது. எவ்வளவு போட்டு ஆடினீர்கள் என்பதுதான் கணக்கு. அதற்குத்தான் பாயின்ட்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? ஒரு சுற்றுக்கு 75 சென்ட். மணிக்கு 500 சுற்று என்றால் 375 டாலர். அத்தனையும் பையிலிருந்து போவதல்ல, விழுவதையே திரும்பத் திரும்பப் போடுவதுதான். நெவாடா சட்டப்படி மெஷின் சராசரியாகக் குறைந்தது 75 சதவிகிதம் திருப்பித் தர வேண்டும். தாராள மனசோடு 90 தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு முப்பத்தேழரை டாலர் விடுதிக்கு. நாலு மணி நேரத்துக்கு 150. அதில் மூன்றில் ஒரு பங்கு நமக்கே திரும்பி வந்தால் 50 டாலர். அப்போது இரண்டு பேர் வயிறு முட்டச் சாப்பிட அது போதும்.

சீட்டு மேஜையில் கோட்டு போட்ட சூப்பர்வைசர் கண்ணாலேயே மதிப்புப் போடுவார். அவர் பார்க்கும்போது மட்டும் பெரிதாகக் கட்டுவது போன்ற தந்திரங்களை மேக்ஸ் ரூபின் 1994ல் 'காம்ப் சிட்டி' என்று புத்தகமாகவே எழுதிவிட்டார். என் நண்பனுக்கு அந்த சாமர்த்தியம் எல்லாம் கிடையாது. மெஷின்தான்.

''நீயும் சும்மா ஆடிப் பாரு'' என்று இன்னொரு அட்டை தந்தான். அதே கணக்கில் மனைவி பெயருக்கு வாங்கினது. நாற்பது டாலர் போட்டேன். அரை மணியில் காலி. பாயின்ட் மட்டும் சமர்த்தாக அவன் கணக்கில் ஏறியது. ராத்திரி பஃபேயில் நண்டுக்கால் வரிசையில் நின்றபோது ஒரு சந்தேகம்: இப்போ யார் யாருக்கு விருந்து வைக்கிறோம்?

அவன் மனைவி பஃபேவுக்கு வரவில்லை. அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

''ஓசியில கிடைக்குதேம்மா, வந்திருக்கலாமே?'' என்றேன், அசட்டுத்தனமாக.

''ஓசின்னு சொன்னாராண்ணா?'' என்று டப்பாவை மூடினாள். ''நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும், பாயின்ட் பத்தலைன்னு போன மாசம் ரெண்டு வாரம் தனியா வந்தார். வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு நேரா இங்கதான். ரெண்டு ரூமை காசு குடுத்தே எடுத்திருக்கலாம். மிச்சமும் ஆகியிருக்கும்.''

எனக்கு நண்டு நெஞ்சிலேயே நின்றது. எவ்வளவு விட்டான் என்று கேட்க வாய் வரவில்லை. ஊரில் இவனுடைய அப்பா, வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டார். கடன் வாங்கியாவது இலை போடுவார். பிள்ளைக்கும் அதே ரத்தம். மளிகைக் கடைதான் மாறியிருக்கிறது.

மறுநாள் காலை பஃபேயில் பில் வந்தது. பூஜ்யம். பரிமாறுகிறவர்களுக்கான டிப்ஸ் காம்ப்பில் சேராது, அது கைக்காசு. பத்து டாலரை எடுத்து வைத்தேன். அவன் அதை எடுத்து என் சட்டைப் பையிலேயே திணித்தான்.

''நீ கெஸ்ட்டுடா. அடுத்த தடவை வீட்ல கூட்டிட்டு வா. ஷோ டிக்கெட்டே வாங்கிடறேன். இன்னும் கொஞ்சம் பாயின்ட்தான் வேணும்.''

எதிரே அவன் மனைவி காபியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கரைந்து ரொம்ப நேரமாகியிருந்தது.