வேப்பங்கிளையில் ஒரு கம்பி



இந்த வாரம் ஒரு கம்பியைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். இருபது மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள மெல்லிய செம்புக் கம்பி அது. வீட்டு மின்னிணைப்புக்கென்று கடையில் விற்கிறார்களே, அந்த ஒயர்தான். சுருட்டினால் ஒரு கைப்பிடி. எடை கால் கிலோகூட இராது. கடந்த சனிக்கிழமை அதைத் தோள்பையில் வைத்துக்கொண்டு திருவெள்ளறைக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் 2018ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. என் மூத்த அக்காள் வேதாரண்யத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கிறார்கள். வியாழன் இரவு பத்து மணிக்குப் பேசினோம். ‘காற்று பலமாக இருக்கிறது, நீ தூங்கு’ என்றார்கள். அதன்பின் தொடர்பில்லை. வெள்ளி, சனி முழுவதும் ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை பிரசங்க பீடத்தில் நின்று, புயலால் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சபையாரை ஜெபிக்கச் சொன்னேன். சொந்த அக்காள் உயிரோடிருக்கிறார்களா என்று தெரியாத ஒருவன் அன்று அந்த ஜெபத்தை நடத்தினான் என்பது உங்களில் பலருக்கு இப்போதுதான் தெரியவரும். ஐந்தாம் நாள், மோட்டார் சைக்கிளில் அங்கே சென்று திரும்பிய ஒருவர் செய்தி கொண்டுவந்தார். ஓடுகள் பறந்துவிட்டன, தென்னைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் சாய்ந்துவிட்டன, அக்காள் நலம்.

நலம் என்ற அந்த ஒரு சொல் 145 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஐந்து நாள் ஆயிற்று. அது என்னை விடவே இல்லை.

நம் சபையில் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. நெடுங்கால அமெச்சூர் வானொலிக்காரர், ‘ஹாம்’ என்பார்கள். அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். “போதகரய்யா, டவர் சாய்ந்துவிட்டால் கைபேசி வெறும் டார்ச் லைட்தான்” என்றார். பிறகு 2004ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலிக்கு அனுமதியில்லாதிருந்த அந்தமானில், சிறப்பு அனுமதி பெற்று, ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையார் அந்த டிசம்பரில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார். உலகெங்கும் உள்ள ஆர்வலர்களோடு பேசிக் களிப்பதே அந்தப் பயணத்தின் நோக்கம். 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. பிற தொடர்புகள் அறுந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கட்டிய ஆண்டெனாவின் வழியாகவே தீவில் இருந்தவர்களின் செய்திகள் கரைக்கு வந்தன. இலங்கையில் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே விக்டர் கூனதிலக்கவும் அவருடைய தோழர்களும் சிற்றலை வானொலியால் அவ்வாறே ஒரு பாலம் அமைத்தார்கள்.

அன்று முடிவு செய்தேன். தேர்வுக்குப் படித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவன் ஓம் விதியையும் மின்தேக்கியையும் மனப்பாடம் செய்வது எளிதல்ல. பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளும் எழுதலாம் என்று விதி இருப்பதால், தேர்வறையில் பக்கத்து இருக்கையில் ஒரு பள்ளி மாணவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அக்காள் மகனும் ஊரிலிருந்து விண்ணப்பித்தான். உரிமம் கைக்கு வரும்வரை காத்திருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டியிருந்தது.

இனி என் தவறைச் சொல்லவேண்டும். தொலைவில் பேச உயரம் வேண்டும் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். பெரியவரைக் கேளாமலே பெரிய அலுமினியக் கம்பம் ஒன்றையும், அதன் உச்சியில் பொருத்தக் கனமான ஆண்டெனா ஒன்றையும் வாங்கிவிட்டேன். நட்டு நிறுத்த நான்கு பேர் தேவைப்பட்டது. என் துணைவியார் கொடிக்கயிறு கட்ட அது மிகவும் வசதியாக இருக்கிறது என்று சொன்னதைத் தவிர அதனால் ஒரு பயனும் கிடைக்கவில்லை. புயல் வந்தால் முதலில் சாயப்போவதும் அதுதானே! பெரியவர் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. “உங்கள் அக்காள் அமெரிக்காவிலா இருக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருளை உங்களுக்கு விளக்கவேண்டும். காவலர்கள் வைத்திருப்பது போன்ற கையடக்கக் கருவியின் அலை நேர்கோட்டில் செல்வது. சமதரையில் சில கிலோமீட்டரில் ஓய்ந்துவிடும். சிற்றலை வேறு விதமானது. நமக்கு மேலே 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலம் இருக்கிறது. அயனி மண்டலம் என்கிறோம். சிற்றலை அதில் பட்டுத் திரும்பும். உயரமான ஆண்டெனா அலையைத் தொடுவானத்தை நோக்கித் தாழ்வாக வீசுகிறது. அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். நடுவில் உள்ளவர்களின் தலைக்கு மேலே கடந்துபோய்விடும். நம் பக்கத்து மாவட்டத்தாரோடு பேச வேண்டுமானால் அலை ஏறக்குறைய நேராக மேலே போய், மழைபோல் நம்மைச் சுற்றிலும் இறங்கவேண்டும். அதற்கு ஆண்டெனா தாழ்வாக இருப்பதே நல்லது. ஆள் உயரத்தைப்போல் மூன்று மடங்கு போதும்.

இங்கே ஒரு கிளைக்கதைக்கு இடங்கொடுங்கள். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதன் மேலுள்ள அயனி மண்டலத்தை ஆராயவே திருவனந்தபுரத்துக்கு அருகில் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்தார்கள். 21 நவம்பர் 1963 அன்று முதல் ராக்கெட் ஏறியது. அந்த மீனவ ஊரில் புனித மகதலேனா மரியாள் ஆலயத்தைப் பேராயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா விஞ்ஞானிகளுக்கு விட்டுக்கொடுத்தார். ஆலயத்துக்குள் ராக்கெட் பாகங்களைப் பூட்டினார்கள். சிற்றலையில் பேசும்போதெல்லாம் அந்த ஆலயம் என் நினைவில் வரும்.

கம்பிக்குத் திரும்புவோம். எங்கள் அலைவரிசை 7.1 மெகாஹெர்ட்ஸ். 143ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 20 மீட்டர். நடுவில் வெட்டினால் பக்கத்துக்குப் பத்து மீட்டர். நடுவே ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய். அதிலிருந்து மெல்லிய கேபிள் ஒன்று கீழே கருவிக்கு வரும். நடுப்பகுதியை மரத்தில் ஏற்றி, இரு முனைகளையும் நைலான் கயிற்றால் தாழ்வாக இழுத்துக் கட்டினால், கூரையின் சாய்வுபோல் நிற்கும். இவ்வளவுதான். மேலுறையுள்ள கம்பி கணக்கிட்டதைவிடச் சிறிது குறைவாக இருக்கவேண்டும், தரையை நெருங்கினால் இன்னும் குறையவேண்டும். ஆகவே முதலில் நீளமாக விட்டு, அளவுகருவியைப் பார்த்து விரற்கடை விரற்கடையாக நறுக்குவார்கள். நான் ஒரே வெட்டாக வெட்டி ஒரு கம்பியை வீணாக்கினேன். மரம் இல்லாத இடத்துக்கு மூங்கில் கழி போதும். தூண்டில் கோல் வாங்குவோர் கண்ணாடியிழைக் கோலாகப் பார்த்து வாங்குங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும், ஆண்டெனாவைக் கெடுக்கும்.

திருச்சி வீட்டில் இதைக் கட்டினேன். இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. தெருவிலுள்ள எல்இடி விளக்குகள், இன்வெர்ட்டர்கள், சார்ஜர்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். ஆகவேதான் திருவெள்ளறை. துறையூர் சாலையில் இருபது கிலோமீட்டர் அளவில் வரும் அந்த ஊருக்கு அருகே நம் சபையார் ஒருவருக்கு வயல் இருக்கிறது, ஓரத்தில் வேம்பு நிற்கிறது, மின்கம்பி தொலைவில். வெண்பாறை மேல் நிற்கும் பெருமாள் கோயிலும், அதன் பெயரிலேயே அந்தப் பாறை இருப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. தந்திவர்ம பல்லவன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டுவித்த நாலுமூலைக் கேணியையும் பார்த்திருப்பீர்கள். நான்கு புறமும் படித்துறைகள் மடங்கி இறங்குவதால், ஒன்றில் நிற்பவர் மற்றொன்றில் நிற்பவரைக் காணமுடியாது. தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்த இடங்களின் பக்கம் நான் கம்பியோடு போகவில்லை.

முதல் முயற்சி சென்ற மாதம். வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்னே போய்விட்டேன். பாதியளவு தண்ணீருள்ள பாட்டிலில் சணலைக் கட்டிக் கிளைக்கு மேலே வீசினேன். கல்லைக் கட்டுவோர் உண்டு. அது யார் தலையிலாவது விழும். வீசுமுன் மேலே மின்கம்பி செல்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதை மட்டும் ஒருபோதும் மறவாதீர்கள். இந்தப் பொழுதுபோக்கில் உயிர்கள் போனது அங்கேதான். கம்பியை ஏற்றி, ஒரு மணிநேரம் அழைத்தேன். எங்கோ தொலைதூரத்து மொழிகள் கேட்டன. வேதாரண்யம் கேட்கவில்லை. மருமகன் அங்கே அதே நேரத்தில் என்னை அழைத்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் கேளாமலே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஐந்து நாட்களும் என்மேல் மீண்டும் வந்து கவிந்தன. இவ்வளவும் வீண்தானோ என்று எண்ணியபடி கம்பியைச் சுருட்டினேன்.

பெரியவர் கேட்டார்: “எத்தனை மணிக்குப் போனீர்கள்?” சொன்னேன். “சூரியன் வராமல் மேலே எது ஐயா திருப்பி அனுப்பும்? இரவு முழுதும் மெலிந்துபோன மண்டலம் விடியுமுன்தான் மிகவும் பலவீனமாக இருக்கும். நேராக மேலே போனது அப்படியே போய்விடும். பத்து மணிக்குப் போங்கள்.”

கடந்த சனிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். கருவி, சிறு லித்தியம் பேட்டரி, கேபிள், கம்பி, சணல், தண்ணீர் என எல்லாம் ஒரே பையில். ஆடு மேய்க்கும் சிறுவர் இருவர் வந்து நின்றார்கள். ஒலிபரப்பும்போது கம்பியின் முனையைத் தொட்டால் சுடும் என்பதால், முனைகளை அவர்கள் கைக்கு எட்டாமல் கட்டினேன். பத்தே நிமிட வேலை. நேரம் 10.20. பத்து வாட், ஒரு சிறிய எல்இடி பல்புக்குரிய மின்சாரம். என் அழைப்புக் குறியீட்டைச் சொல்லி அழைத்தேன். இரண்டாம் அழைப்பு முடியுமுன்னே பதில் வந்தது. மருமகனுடைய குரல், சற்றே மூக்கடைத்தாற்போல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. புயலுக்குத் தப்பிய அந்த ஒற்றைத் தென்னையில்தான் அவனுடைய கம்பி.

அமெச்சூர் வானொலிக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. உரிமம் இல்லாதவர் ஒலிவாங்கியில் பேசக்கூடாது. குடும்பக் காரியங்களை அதில் பேசி முடிக்கவும் கூடாது; தொழில்நுட்பச் செய்திகளும், முக்கியத்துவமில்லாத தனிப்பட்ட சொற்களுமே அனுமதி. நாங்களும் ஒழுங்காகவே நடந்துகொண்டோம். ‘ஐந்து, ஏழு’ என்று நான் அவன் சிக்னலுக்கு மதிப்பெண் சொன்னேன். அவன் எனக்கு ‘ஐந்து, ஒன்பது’ கொடுத்தான். ஆண்டெனாவின் உயரம் சொன்னேன். அவன் பேட்டரியின் மின்னழுத்தம் சொன்னான்.

அப்போது அவன் குரலுக்குப் பின்னாலிருந்து, சற்றுத் தொலைவிலிருந்து, அக்காளின் குரல் கேட்டது. “சாப்பிட்டானாமா, கேளு.”

மருமகன் ஒரு கணம் தயங்கினான். விதிப்படி இது முக்கியத்துவமில்லாத சொல்தானா என்று யோசித்திருப்பான் போலும். பிறகு முறைப்படி என் குறியீட்டைச் சொல்லி, தன் குறியீட்டையும் சொல்லி, “மாமா, சாப்பிட்டீர்களா? ஓவர்” என்றான்.

இன்னும் இல்லை என்றேன்.