பதினாறாவது புளியங்கொட்டை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பரணில் ஏறி அந்த நோட்டைத் தேடினேன். 40 பக்க நோட்டு. பின்னட்டையில் வாய்ப்பாடு, முன்னட்டையில் அண்ணன் வரைந்த யானை. இல்லை. வீட்டுக்குத் தளம் ஒட்டியபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போயிருக்கும் என்றார் பெரியம்மா. ஒரு முழுச் சேனையே அதற்குள் இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

2004ஆம் வருடம். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். அவன் பத்தாவது, நான் ஏழாவது. சனிக்கிழமை ஆனால் திருமுக்கூடலில் பஸ் ஏறி உத்திரமேரூர் போவோம். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். இரண்டு பேர் காசையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆடுவோம். 1999இல் வந்த விளையாட்டு. ஜப்பானியர், சீனர், வைக்கிங், பைசாந்தியர் என்று 13 நாகரிகங்கள் இருந்தன. இந்தியா கிடையாது, பிறகு சோழர் எங்கிருந்து வருவார்? பாரசீகருக்கு யானைப்படை உண்டு என்பதால் நாங்கள் பாரசீகரையே எடுத்துக்கொண்டு சோழர் என்று கூப்பிட்டோம். ஒரு யானைக்கு 200 உணவு, 75 தங்கம். சேர்த்து முடிப்பதற்குள் எங்கள் ஒரு மணி நேரம் முடிந்துவிடும். பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் பேசவே மாட்டான். யோசித்துக்கொண்டே வருவான்.

அவனுக்கு அந்த விளையாட்டில் பொறுக்கவே முடியாத ஒரு விஷயம் காயம். ஒரு வீரனுக்கு ஒரே ஒரு புள்ளி உயிர் மிச்சமிருந்தாலும், அடிபடாத ஆளைப் போலவே முழுபலத்தோடு வெட்டுவான். அந்தப் புள்ளியும் போனால் கீழே விழுவான், சற்று நேரத்தில் தரையோடு மறைந்துவிடுவான். "குத்துப்பட்டவன் எப்பிட்றா அதே மாதிரி ஓடுவான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் கேள்வியில்தான் நோட்டு ஆரம்பமானது. கம்ப்யூட்டரில் மாற்ற எங்களுக்குத் தெரியாது. அதனால் ஆட்டத்தையே ஆற்றுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் எங்கள் ஊர். கூடும் என்று சொல்வது மழைக்காலத்து வழக்கம். மற்ற மாதங்களில் கண்ணுக்கெட்டியவரை மணல். அக்கரையில் பழையசீவரத்து மலையும் அதன்மேல் கோயிலும். அந்த மணலில் குச்சியால் கோடு இழுத்தால் எந்த நாட்டையும் உண்டாக்கலாம். புளியங்கொட்டை காலாள். கழற்சிக்காய் யானை. குன்றிமணி குதிரை. தாயக்கட்டை உருட்டி நகர்த்த வேண்டும்.

காயத்துக்கு அண்ணன் கண்டுபிடித்த வழி இன்றைக்கும் எனக்கு வியப்புதான். அடிபட்ட புளியங்கொட்டையை எடுத்துக் கல்லில் ஒரு பக்கம் தேய்த்துவிடுவான். தோல் போய் வெள்ளை தெரியும். அந்த ஆள் இனிப் பாதித் தொலைவுதான் நடப்பான். குணமாகித் திரும்பி வந்தாலும் அந்த வெள்ளை போகாது.

ஒவ்வொரு விதியாக எழுதிச் சேர்த்தோம். யானை மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க வேண்டும். கோடைக்காலமென்றால் மணலில் ஊற்றுத் தோண்ட இரண்டு ஆட்டம் விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் அம்மாக்கள் ஊற்று பறித்துக் குடத்தில் மொண்டதைப் பார்த்து வந்த விதி அது. குதிரை இங்கே பிறக்காது, கடல்வழியாகத்தான் வரும். அரபு நாட்டிலிருந்து குதிரைகள் தென்னாட்டுக்கு வந்து இறங்கியதையும், இங்குள்ளவர்களுக்குப் பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போனதையும் மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார் என்று எங்கள் தமிழய்யா சொல்லியிருந்தார். அன்றைக்கே குன்றிமணியின் விலையை அண்ணன் இரட்டிப்பாக்கினான்.

படைகளின் பெயர்களும் அவர் கொடுத்தவையே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வருபவை: தெரிந்த கைக்கோளர், வேளைக்காரர், குதிரைச் சேவகர், பெருந்தனத்து ஆனையாட்கள். பெரும்பாலும் அரசன் பட்டப்பெயரை முன்னால் போட்டுக்கொண்ட படைகள். வேளைக்காரர் என்றால் அரசனுக்காக உயிர் கொடுப்பதாகச் சூளுரைத்தவர்கள். கம்ப்யூட்டர் ஆட்டத்தில் ஒரு வகை உண்டு. அரசன் செத்தால் ஆட்டம் முடிந்தது. தமிழய்யா கொப்பத்துப் போரைச் சொன்னார். 1054இல் யானைமேல் இருந்தபடியே இராசாதிராசன் மாண்டுபோக, தம்பி இரண்டாம் இராசேந்திரன் அந்தப் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டு ஜெயித்தான் என்று. அந்த ராத்திரி நோட்டில் அண்ணன் கொட்டை எழுத்தில் எழுதினான்: ராஜா விழுந்தாலும் ஆட்டம் நிற்காது.

அப்புறம் கோயில் கல்வெட்டு. எங்கள் ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திரனுடைய கல்வெட்டு இருக்கிறது, 1068ஐ ஒட்டியது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் கோயில் பிரசாதம் தின்றிருக்கிறோம், படித்ததில்லை. ஒரு நாள் தமிழய்யா சுவரில் விரல் வைத்துச் சொன்னார். முதலில் மெய்க்கீர்த்தி: சாளுக்கியரோடு நடந்த போர்கள், கூடல் சங்கமத்து வெற்றி. அந்தச் சங்கமம் வேறு ஆற்றங்கரை, கன்னட தேசம். எங்களுக்கோ நம்ம ஊர்ச் சங்கமத்திலேயே நடந்தது போலிருந்தது. பிறகு அதே கல்லில் ஒரு வேதபாடசாலை, மாணவர் விடுதி, வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை. 15 கட்டில். நாடி பார்க்கும் வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுத்து வைத்தியம் பண்ண ஒருவர், மருந்துக்கு மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர். ராத்திரி எரிய விளக்கு. வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் வேறு, வரிசையாக.

அண்ணன் அங்கேயே நோட்டைப் பிரித்துவிட்டான். மூன்று ஆற்றின் கோடும் கூடும் இடத்தில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் 15 குழி. தேய்ந்த புளியங்கொட்டைகள் நடந்து நடந்து அங்கே வந்து சேர வேண்டும். ஐந்து ஆட்டம் குழியில் கிடந்தால் மறுபடி களத்துக்குப் போகலாம். அது படைவீரர்களுக்கான சாலை இல்லை, பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கோயில் வேலையாட்களுக்கும் ஏற்பட்டது என்று தமிழய்யா பிறகு விளக்கினார். எனக்கு முகம் வாடிவிட்டது. அண்ணன் கொஞ்சம் யோசித்து, "இருக்கட்டும், ஊர்ல கட்டில் இருந்தா அடிபட்டவனைப் போன்னா சொல்லுவாங்க?" என்றான். சதுரத்தை அழிக்கவில்லை.

நான் இப்போது பெங்களூரில் இருக்கிறேன். அந்த விளையாட்டும் வளர்ந்துவிட்டது. 2013இல் இந்தியர் என்று ஒரு நாகரிகம் வந்தது. அதற்குப் பெருமை ஒட்டகப்படை. ஒட்டகத்தில் ஏறிய சோழனைப் பார்க்க மனம் வராமல் நான் அதைத் தொடவில்லை. 2022 ஏப்ரலில் அதைப் பிரித்துத் திருத்தி, திராவிடர், வங்காளர், கூர்ஜரர் என்று தனித்தனியாக்கினார்கள். பழைய இந்தியர் இந்துஸ்தானியர் ஆனார்கள். திராவிடருக்குக் காலாளும் கப்பலும் பலம். சுருள்வாள் வீரர், திரிசடை என்ற கப்பல், இராசேந்திரன் பெயரில் ஒரு படையெடுப்பு, எஃகுக்கென்று ஒரு தொழில்நுட்பம். குதிரைப்படை நோஞ்சான். 2004இல் நாங்கள் குன்றிமணிக்கு வைத்த விலை நினைவுக்கு வந்து கண் கலங்கியது.

இன்னொன்றும் இருந்தது. திராவிடருக்கு மட்டும் மருத்துவப் படை என்று ஓர் ஏற்பாடு. அதைச் செய்துகொண்டால் யானைகளின் காயம் தானே மெல்ல மெல்ல ஆறும். ராத்திரி 11 மணி. அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். அவன் ஊரிலேயே இருக்கிறான், பயிர் வைக்கிறான். ஆற்றில் நாங்கள் கோடு இழுத்த மணல் இல்லை. அள்ளியது போக மிச்சத்தில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. மாட்டுப் பொங்கலுக்குக் காஞ்சி வரதர் வந்து போகிறபோது கூடுகிற கூட்டத்தில் நின்றுதான் நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்க்கிறோம்.

சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "யானைக்கு மட்டுமா?" என்றான்.

"ஆமாண்ணா."

"ஆளுங்களுக்கு?"

"இல்லண்ணா."

சற்று நேரம் பம்புசெட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"பதினஞ்சு குழியும் ரொம்பி, பதினாறாவது கொட்ட வந்துட்டா இன்னா பண்றதுன்னு எழுதினோமே, ஞாபகம் இருக்குதா?"

எனக்கு நினைவில்லை. நோட்டில்தான் இருந்தது.

"வாசல்ல மரத்தடியில வைக்கணும். வச்சவன் அடுத்த ஆட்டத்த ஆடக்கூடாது. அவன் கிட்டயே உக்காந்து இருக்கணும். நீ அழுவ, ஆடணும்னு. ஆனா உக்காந்திருப்ப."