போடி 2021: ஓட்டு ஏறுது, வித்தியாசம் இறங்குது

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது பழக்கமான கணக்கு. விற்பனை வருஷா வருஷம் ஏறும், லாபம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். போடிநாயக்கனூர் தொகுதியில் ஓ.பன்னீர்செல்வத்துக்கு நடந்தது இதுதான்.

2011-ல் அவர் வாங்கிய ஓட்டு 95,235. வித்தியாசம் 29,906. 2016-ல் 99,531 ஓட்டு, வித்தியாசம் 15,608. 2021-ல் ஒரு லட்சத்தையே தாண்டிவிட்டார், 1,00,050. ஆனால் ஜெயித்தது 11,021-ல். அவருடைய ஓட்டு ஒரு தடவைகூடக் குறையவில்லை. எதிரே நின்ற திமுகவின் ஓட்டு அதைவிட வேகமாக ஏறியது, அவ்வளவுதான்!

2021-ல் எதிரே நின்றவர் தங்க தமிழ்ச்செல்வன். வெளியாள் இல்லை, அதே வீட்டில் வளர்ந்தவர். 2001-ல் ஆண்டிபட்டியில் ஜெயித்து, ஜெயலலிதா நிற்பதற்காக அந்த இடத்தையே ராஜினாமா செய்து கொடுத்தவர். அதே சமயத்தில் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து, 2002 மார்ச்சில் அதைத் திருப்பிக் கொடுத்தவர் ஓபிஎஸ். இருவரும் ஒரே அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தவர்கள். ஊர் ஓபிஎஸ்ஸைப் பற்றியே பேசியது, மற்றவரைக் கொஞ்சம் மறந்துவிட்டது.

2017-ல் டி.டி.வி.தினகரன் பக்கம் போனதால் தகுதிநீக்கம் ஆன 18 எம்.எல்.ஏ.க்களில் தங்க தமிழ்ச்செல்வனும் ஒருவர். 2019-ல் தேனி எம்.பி. தேர்தலில் அமமுக சார்பில் நின்று மூன்றாம் இடம். ஜெயித்தது ஓபிஎஸ் மகன் ரவீந்திரநாத். அடுத்த மாதமே திமுகவில் சேர்ந்தார். ஆக மகனிடமும் தோற்றார், அப்பாவிடமும் தோற்றார் :-)

துணை முதல்வர் சொந்த மாவட்டத்தில் ஏன் இப்படித் திணற வேண்டும்? பத்து வருஷ ஆட்சியின் சலிப்பு ஒன்று. போடிக்கு ரயில் நின்று பத்து வருஷம் ஆகியிருந்தது (அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தியது, 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது). இதெல்லாம்கூடச் சமாளிக்கக் கூடியதுதான். பெரிய அடி, 2021 பிப்ரவரியில் சட்டசபையில் நிறைவேறிய 10.5 சதவீத வன்னியர் உள் ஒதுக்கீடு. வடக்கே ஓட்டு சேர்க்கும் என்று போட்ட கணக்கு, தெற்கே சீர்மரபினரைக் கொதிக்க வைத்தது. அது தற்காலிகம்தான் என்று ஓபிஎஸ்ஸே சொல்ல வேண்டி வந்தது. கட்சி சென்னையில் எடுத்த முடிவுக்கு போடியில் பதில் சொல்கிற நிலைமை.

மே 2-ம் தேதி எண்ணியபோது ஆண்டிபட்டி, பெரியகுளம், கம்பம் மூன்றும் திமுகவுக்குப் போயின. (ஆண்டிபட்டியில் 2019 இடைத்தேர்தலைப் போலவே இந்த முறையும் அண்ணன் தம்பிக்குள்தான் போட்டி. இந்த மாவட்டமே அப்படி!) போடி மட்டும் தப்பியது. அது இரட்டை இலையின் வெற்றி என்பதைவிட, சொந்த மாவட்டத்துக்காரர் என்ற முகத்துக்கு விழுந்த ஓட்டு என்றே சொல்ல வேண்டும். அந்தக் கட்சியே 2022 ஜூலையில் அவரை நீக்கியது.

2024-ல் ஓபிஎஸ் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று தோற்றார். தேனியில் திமுக மறுபடியும் தங்க தமிழ்ச்செல்வனை நிறுத்தியது. இந்த முறை 2,78,825 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிரே நின்று தோற்றவர், 2017-ல் யாருக்காக எம்.எல்.ஏ. பதவியை இழந்தாரோ அதே தினகரன்.